இடப்பக்கம் ஓர் ஆள் கனம்

கோலக் கெடாவில் கயிறு அவிழ்த்த கொஞ்ச நேரத்திலேயே லாஞ்சு இடப்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. பெரிய சாய்வு இல்லை. பரஞ்சோதியின் மடியிலிருந்த தகரப் பெட்டியின் மேல் கிடந்த பென்சில் மெல்ல உருண்டு, விளிம்பில் ஒரு நிமிஷம் யோசித்து, கீழே விழும் அளவுக்குத்தான்.

"கிராணியாரே, இந்தப் பக்கமா வந்து ஒக்காருங்க லா," என்றார் செராங்கு நூர்தீன், சுக்கானிலிருந்து கையை எடுக்காமல். "அங்க ஒரு ஆள் கனம் கூடுது."

"இந்த ஓரத்துல நான் ஒருத்தன்தானே இருக்கேன், பாய்?"

"அதத்தான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன்."

பரஞ்சோதி எழுந்து வலப்பக்கப் பலகைக்குப் போனான். லாஞ்சு நிமிர்ந்தது. அப்புறம், ஆள் ஒருவன் எழுந்து பின்னாலேயே வந்து உட்கார்ந்த மாதிரி, வலப்பக்கம் சாய்ந்தது. நூர்தீன் அதைப் பார்த்தார். முகத்தை முன்னால் திருப்பிக்கொண்டார்.

லாஞ்சில் பதினோரு பேர். ஜெட்டித் துறையில் ஒரு மாத்தா, போலீஸ்காரன்தான், அடையாளக் கார்டுகளை வாங்கிப் பார்த்து, எண்ணி, தாளில் எழுதி செராங்கிடம் கொடுத்திருந்தான். காட்டிலிருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்காக எமர்ஜென்சி வந்த இந்த மூன்று வருஷத்தில் கெடாவில் எண்ணாமல் விட்டது மழையை மட்டும்தான். ரப்பர் பால் வெட்டப் போகிறவன் வேலைக்காட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது. கடையில் மத்தி மீன் வாங்கினால் முதலாளி டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். காட்டுக்குள் இருப்பவன் சேர்த்து வைத்துத் தின்றுவிடுவானாம். அத்தனை பெரிய சாம்ராஜ்யம் ஒரு மத்தி மீனுக்குப் பயந்துகொண்டிருந்தது.

பரஞ்சோதிக்கும் எண்ணுவதுதான் தொழில். புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆறு வருஷம் கிராணி. விடிகாலைப் பெரட்டில், ஆளெண்ணும் வேளையில், தொழிலாளிகள் வரிசையாக வந்து முன்னால் நிற்பார்கள், தலையசைப்பார்கள். அவன் செக்ரோல் புத்தகத்தில் குறித்துவிட்டுப் பதிலுக்குத் தலையை ஒரு தடவை ஆட்டுவான். ஆட்டினால் பேர் விழுந்துவிட்டது, போகலாம் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு இருநூறு ஆட்டு. அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது லங்காவியில் ஒரு கொப்பரைக் கடைக்குக் கணக்கெழுதப் போகிறான். அங்கே அவனைத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மழை பிடித்தது. கடலும் வானமும் ஒரே அழுக்குத் துணியாகத் தொங்க, இயந்திரத்தின் டீசல் புகைக்கும் எதிரே இருந்த மலாய்க்காரக் கிழவியின் கோழிக்கூடைக்கும் நடுவிலிருந்து வேறொரு வாடை மெல்ல மெல்லக் கிளம்பி வந்தது. புளித்துப்போன ரப்பர் பால். தோட்டத்தைத் தாண்டினால் அந்த நாற்றம் இருக்காது என்று நம்பித்தான் அவன் டிக்கெட் வாங்கியிருந்தான்.

லாஞ்சு மறுபடி இடப்பக்கம் சாய்ந்தது. அப்போதுதான் அந்தப் பக்கப் பலகையில், முன்பு தான் இருந்த இடத்தில், சாக்கு ஒன்று நிமிர்ந்து நிற்பதைக் கண்டான். நனைந்த கோணிச் சாக்கு. லாஞ்சின் ஆட்டத்துக்கு ஏற்ப மேல்பக்கம் முன்னும் பின்னும் அசைந்தது.

"பாய், அந்தச் சாக்குல என்ன?"

"எந்தச் சாக்கு? இந்த நடைக்குச் சாக்கு ஏத்தப் பெர்மிட்டே இல்ல. மாத்தா பாத்தான்னா என் லைசன்ஸப் புடுங்கிருவான்."

கிழவி தன் கூடையை அந்தப் பலகையின் ஓரத்திலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கோழிகள் சத்தம் போடவில்லை.

பரஞ்சோதி கண்ணை மூடிக்கொண்டான். மூடினால் அந்த நாள்தான் வந்தது. தோட்டத்து மைதானம், வெயில், அவன் தலையில் மார்பு வரை கவிழ்த்த சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. "உனக்குத்தான் எல்லோரையும் தெரியும்," என்றிருந்தார் போலீஸ் தொரை. "காட்டுக்கு அரிசி கொடுக்கிறவன் வந்தால் தலையை ஆட்டு. பேசாதே." ஒருத்தனுக்கும் ஆட்டுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் அவன் சாக்குக்குள் தலையை விட்டான். நூற்று நாற்பது பேர் கடந்து போனார்கள். கழுத்து மரம் மாதிரி நின்றது. அடுத்து பால் வெட்டும் பிச்சை வந்தான். சாக்குக்குக் கீழே தெரிந்த காலைப் பார்த்தான், நீல மை கொட்டிய வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. அட, நம்ம கிராணியார் என்று லேசாகச் சிரித்து, பெரட்டில் செய்கிற மாதிரியே நின்று தலையசைத்தான்.

கிராணியின் கழுத்துக்கு முடிவெல்லாம் தெரியாது. அதற்குப் பழக்கம்தான் தெரியும். பதிலுக்கு ஆட்டிவிட்டது. பிச்சையைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள்.

தவறி ஆட்டிவிட்டேன் என்று தொரையிடம் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் சாக்குக்குள் யார் என்று லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே அவன் சொல்லவில்லை, மனு எழுதினான். பிச்சையின் பெண்சாதி ராக்காயி வந்து, "அண்ணே, நீங்க எழுதினா தொரை கேப்பாரு," என்று அழுதாள். ஆள் தெரியாமல் நடந்த தவறு என்று, அவன் வாழ்க்கையிலேயே மிக அழகான இங்கிலீஷில், மூன்று மனு. அவள் ஒவ்வொன்றுக்கும் அவனைக் கும்பிட்டாள்.

பிச்சையைப் பினாங்கில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு நாடு கடத்தினார்கள். புக்கிட் செலம்பாவில் பிறந்தவன். நாகப்பட்டினத்தை அவன் பார்த்ததே இல்லை. கடைசிவரை பார்க்கவும் இல்லை. கப்பல் போய்ச் சேர்ந்தபோது எண்ணிக்கையில் ஓர் ஆள் குறைந்தது. நடுக்கடலில் குதித்துவிட்டானாம். சேதி வந்த அன்று ராக்காயி அழவில்லை. நின்று பரஞ்சோதியின் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே அவன் அதைப் பால் கழுவும் வாய்க்காலில் எறிந்துவிட்டான்.

துபா தீவில் எல்லோரும் இறங்கினார்கள். கிழவி ஓடினாள் என்றே சொல்லலாம். லங்காவியின் குவாவுக்குப் போக அவன் ஒருத்தன்தான். லாஞ்சு மறுபடி கிளம்பியது. தீவுகள் இரண்டு பக்கமும் கறுப்பாக நெருங்கி வந்தன. இயந்திரச் சத்தம் பாறையில் பட்டு, கொஞ்சம் தாமதமாக, வேறு யாரோ சொல்வது மாதிரி திரும்பியது.

சாக்கு ஆடிக்கொண்டிருந்தது.

கடல் இப்போது ஆடவில்லை.

"பாய்," என்றான்.

"திரும்பிப் பாக்காதீங்க," என்றார் நூர்தீன் முதுகைக் காட்டியபடியே. "நான் கோலக் கெடாவுலேருந்து பாக்கல."

பலகைக்குக் கீழே தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று. அப்புறம் நின்றது. நாற்றமும் நின்றது. லாஞ்சு நேராக நிமிர்ந்தது. பலகை காலி. ஈரம் மட்டும்.

குவா ஜெட்டி. பரஞ்சோதிக்கு மூச்சு வந்தது. பெட்டியை எடுத்தான். ஜெட்டிமேல் ஏறினான். பலகைகளில் ஈரக் காலடிகள், அவனுக்கு முன்னால். கால்விரல் தெரியவில்லை. சப்பாத்துத் தடம்.

ஜெட்டி முனையில் மேசை. மாத்தா ஒருவன் குனிந்து தாளில் எழுதிக்கொண்டிருந்தான். "ஐசி," என்று அடையாளக் கார்டுக்கு நிமிராமலே கை நீட்டினான்.

மாத்தாவின் பக்கத்து நாற்காலியில் அது உட்கார்ந்திருந்தது. மார்பு வரை சாக்கு. இரண்டு ஓட்டை. ஓட்டைக்குள் தண்ணீர். கீழே வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து, நீல மை கறையோடு.

ஆட்டக் கூடாது. பரஞ்சோதி பல்லைக் கடித்தான். கழுத்தை இரண்டு கையாலும் பிடித்தான். பெட்டி விழுந்தது. ஆட்டக் கூடாது.

ஆறு வருஷப் பழக்கம். கைக்குள்ளேயே கழுத்து ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தது.

மாத்தா பேனாவைத் தாளில் ஊன்றிக்கொண்டு பக்கத்து நாற்காலியைப் பார்த்தான்.

சாக்கு பதிலுக்கு நிதானமாகத் தலையை ஆட்டியது.