ஐந்து பேருக்கு ஒரு மேசை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, வேதவல்லி வாடகைக்கு எடுத்திருந்த நான்கு நண்பர்களும் வாசலில் வந்து இறங்கினார்கள். இரண்டு ஆண், இரண்டு பெண். அவள் ஒவ்வொருவரையும் சுற்றி வந்து பார்த்தாள். கீறல் இல்லை, நசுங்கல் இல்லை. கழுத்துப் பட்டையில் நீல விளக்கு ஒழுங்காக எரிகிறது. கைகளில் சாம்பல் நிறக் கையுறை இருக்கிறது. 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று சொல்லிக் கட்டைவிரலைப் பதித்தாள். நால்வரும் ஒரே சமயத்தில் சிரித்து, "வணக்கம் மேடம், நல்லா இருக்கீங்களா?" என்றார்கள். வாடகைக்கு வந்த கேள்விதான் என்றாலும், அதைக் கேட்க அவளுக்கு நன்றாகவே இருந்தது.

இருபத்திரண்டாம் நூற்றாண்டுச் சென்னையில் இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வீடுகளில் சமையலறை ஒழிந்து முப்பது வருஷமாகிவிட்டது. பசிக்கும் நேரத்தைச் சுவரே தெரிந்துகொண்டு, அளந்த சத்தோடு ஒரு தட்டை வெளியே தள்ளும். தின்று முடித்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே வயிற்றுக்காக யாரும் ஓட்டலுக்குப் போவதில்லை, கூடி உட்காரத்தான் போனார்கள். அதிலும் காலை ஆகாரத்தையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாகப் போடும் ஞாயிறு 'பத்தரை விருந்து' என்றால் ஊருக்கே பைத்தியம். ஒரே ஒரு நிபந்தனை, மேசைக்கு ஐந்து பேர் வேண்டும். ஒற்றை ஆளாகப் போய் நின்றால் ஓட்டல் கதவு திறக்காது. மிகவும் மரியாதையாக, 'உங்களோடு வந்தவர்கள் எங்கே?' என்று விசாரிக்கும். வேதவல்லியை அது மூன்று தடவை விசாரித்திருக்கிறது. மூன்றாம் தடவை அவள் வீட்டுக்குத் திரும்பி, சுவர்த்தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

வேதவல்லிக்கு வயது நாற்பத்தெட்டு. கடல்சுவரின் ஒன்பதாம் நீரேற்று நிலையத்தில் காவல் வேலை. கடல் ஏறி ஊர் தாழ்ந்துபோன பிறகு, எண்ணூரிலிருந்து கோவளம் வரை எழுப்பிய சுவர் அது. உள்ளே கசியும் நீரைப் பம்புகள் இரவு பகலாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். பம்புகள் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளும். ஆனாலும் மனிதர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால், வேதவல்லி எட்டு மணி நேரம் பக்கத்தில் இருந்தாள். அப்படி இருக்கையில் ஐந்து வாரத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் ஒரு சம்பவம் நடந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும். எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக் கேட்கிற யாரிடமாவது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதலில் சொந்த மனிதர்களைத்தான் கூப்பிட்டாள். அந்தக் காலத்தில் ஐந்து வயதானால் எல்லாருக்கும் இடது உள்ளங்கையில் ஒரு திரையைத் தோலோடு வளர்த்துவிடுவார்கள். அவள் உள்ளங்கையில் 'நீரேற்று வட்டம்' என்று ஒரு குழு இருந்தது. கூட வேலை செய்யும் பதினோரு பேர் அதில் இருந்தார்கள். பத்தரை விருந்துக்குப் போகலாமா என்று கேட்ட இரண்டு நிமிஷத்தில் பதினோரு இதயங்கள் வந்து விழுந்தன. எங்கே போவது என்று கேட்டதும்தான் வினை ஆரம்பித்தது. ஒருவருக்கு எழுபதாவது மாடியில் மேகம் உரசும் ஓட்டல் வேண்டும்; இன்னொருவருக்கு உயரம் என்றால் தலை சுற்றும். ஒருவர் எண்ணெய் தொடமாட்டார், ஒருவர் எண்ணெய் இல்லாத இடத்துக்கு வரமாட்டார். வேதவல்லி சளைக்கவில்லை. விடுமுறை நாள்களில் ஓட்டல் ஓட்டலாகப் போய், கதவுக்கு வெளியே நின்றபடியே, எங்கே நிழல் விழுகிறது, எங்கே இரைச்சல் குறைவு, எந்தச் சட்னி நன்றாக இருப்பதாக வெளியே வருகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்றெல்லாம் குறித்து வந்தாள். மூன்று வாரம் வாக்கெடுப்பு நடந்து, அடையாற்று முகத்துவாரத்தில் மிதக்கும் 'நீர்மாடம்' முடிவானது. ஜன்னலோர மேசை. வியாழக்கிழமை முதல் ஆள் கழன்றுகொண்டார். சனிக்கிழமை மாலைக்குள் பதினோரு பேரும் 'அடுத்த முறை கட்டாயம்' என்று எழுதிவிட்டார்கள். மேசையை விட மனமில்லாமல்தான் அவள் 'துணையர்' நிலையத்துக்குத் தகவல் அனுப்பினாள்.

துணையர் என்பது தோழமைக்காகச் செய்த இயந்திரம். பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லும், நகைச்சுவைக்குச் சிரிக்கும். எதிரே இருப்பவர் கூச்சப்படாமல் சாப்பிட வேண்டும் என்பதற்காகத் தானும் கரண்டியால் சாப்பிடும். வயிற்றில் அதற்கென்று ஒரு பை உண்டு. நீர்மாடத்தின் கதவு தலைகளை எண்ணிப் பார்த்தது. ஐந்து இருந்தது, திறந்துகொண்டது.

வெண்பொங்கல், மெதுவடை, ஆப்பம், மீன் குழம்பு என்று மேசை நிறைந்தது. வேதவல்லி ஒரு வாய் எடுத்து வைத்தாள், தொண்டையைச் செருமிக்கொண்டாள், ஆரம்பித்தாள். அன்று விடியற்காலை நீர் உள்ளே வரும் வாயில் ஏதோ அடைத்திருக்கிறது என்று மணி அடித்ததையும், எட்டிப் பார்த்தால் முறம் அகலத்துக்கு ஓர் ஆமை கம்பி வலையில் மாட்டிக்கொண்டு கிடந்ததையும் சொன்னாள். நால்வரும் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். ஒருவர் பார்வைகூட வேறு பக்கம் போகவில்லை. எட்டுக் கண்கள் தன் மேல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வெயிலில் உட்கார்ந்தது போல இதமாக இருந்தது. அவள் குரல் தெளிந்தது, கைகள் தாமாக அசைந்து ஆமையின் அகலத்தைக் காட்டின.

"பம்பை நிறுத்தக் கூடாதுன்னு ரூல் இருக்குமே மேடம்?" என்று கேட்டார் வயதான தோற்றமுள்ள துணையர்.

"இருக்கு. நிறுத்திட்டேன்" என்றாள் வேதவல்லி.

நிறுத்தியதும் அறைக்குள் நீர் ஏறியது. அவள் ஏணியில் இறங்கினாள், முழங்கால் வரை தண்ணீர். ஆமையின் துடுப்புக் கால் ஒன்று கம்பிக்குள் முறுக்கிக்கொண்டிருந்தது. அவள் குனிந்தபோது அது தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. கதை அந்த இடத்துக்கு வந்தபோது, எதிரே வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த இளம்பெண் துணையருக்கு ஒரு மிளகு தொண்டையில் ஏறிக்கொண்டது.

அவள் இருமினாள். கண்ணில் நீர் கொட்டியது. வேதவல்லி யோசிக்கவே இல்லை. எழுந்துபோய் அவள் உச்சந்தலையில் தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறாங்க" என்றாள். தட்டிய கையை எடுக்கும்போதுதான், அதே தலையை நோக்கி இன்னும் இரண்டு கையுறைக் கைகள் நீண்டிருப்பதையும், மூன்றாவது கை தண்ணீர் டம்ளரை நகர்த்துவதையும் கண்டாள். இயந்திரத்துக்குப் புரை ஏறாது. ஏறினாலும் மற்ற இயந்திரங்கள் தலையில் தட்ட வராது. அந்தப் பெண் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னை யாரு மேடம் நினைக்கப் போறாங்க" என்றாள்.

வாழ்நாளெல்லாம் இயந்திரங்களோடு இருந்தவள் வேதவல்லி. எந்த இயந்திரமும் இப்படிச் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும்.

பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். நிலையத்தில் புகார் செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நிலையத்துத் துணையர்களில் பாதி பழுது. ஞாயிற்றுக்கிழமை கிராக்கிக்கு ஈடுகொடுக்க ஆள்களுக்குப் பட்டையைக் கட்டி அனுப்புகிறார்கள். இயந்திரத்துக்கு எண்ணெய் போட வேண்டும், எங்களுக்குப் பொங்கல் போட்டால் போதும் என்று அவர் சிரித்தார். அவர் பெயர் பலராமன். புரை ஏறிய பெண் செலின். மற்ற இருவர் பர்வேஸும் கோமளாவும். நால்வரும் ஒருவரையொருவர் அன்று காலை வண்டியில்தான் பார்த்தார்களாம். ஓட்டல் கதவு அவர்களையும் விசாரித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறது. மேசையில் உட்கார வேறு வழி தெரியாமல்தான் இயந்திரமாக விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள்.

வேதவல்லிக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷத்தில் கண் நிறைந்தது. நான்கு மனிதர்கள், அவள் மேசையில். இனி எதற்கு அந்தக் கையுறை, கழற்றிவிட்டு நிம்மதியாகக் கையால் சாப்பிடுங்கள் என்று அவளே வற்புறுத்தினாள். நால்வரும் கழற்றினார்கள். காலையிலிருந்து மூடிக் கிடந்த நான்கு இடது உள்ளங்கைகள் ஒரே சமயத்தில் ஒளிர்ந்தன.

"ஒரு நிமிஷம் அக்கா" என்றாள் செலின்.

நான்கு தலைகள் குனிந்தன. வேதவல்லி காத்திருந்தாள். ஒரு நிமிஷம் பத்து நிமிஷமானது, மீன் குழம்பில் ஆடை படிந்தது. அப்போது அவள் உள்ளங்கை குறுகுறுத்தது. அவளாகக் கேட்காமல் யாரும் எதுவும் அனுப்பாத கை அது, திறந்து பார்த்தாள். 'ஞாயிறு சொந்தங்கள்' என்ற புதிய வட்டத்தில் செலின் அவளைச் சேர்த்திருந்தாள். பர்வேஸ் பொங்கலைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். மனசு நிறைந்த நாள் என்று கோமளா எழுதியிருந்தாள். ஆமைக்கு என்ன ஆயிற்று என்று பலராமன் கேட்டிருந்தார். வேதவல்லி நிமிர்ந்து வாயைத் திறந்தாள். எதிரே நான்கு வகிடுகள்தான் தெரிந்தன. வாயை மூடிக்கொண்டு, உள்ளங்கையில், 'ஆமை பிழைத்துக்கொண்டது' என்று எழுதினாள். நான்கு இதயங்கள் வந்தன. ஐந்து வாரம் சுமந்த கதை அத்தோடு முடிந்தது.

அடுத்த ஞாயிறும் சந்திப்பது என்று அங்கேயே தீர்மானமானது. எந்த ஓட்டல் என்று வாரம் முழுக்க இருநூறு செய்திகள் ஓடின. கடைசியில் நீர்மாடமே போதும் என்று முடிந்தது. சனிக்கிழமை, ஞாயிறு வேலை வந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று நால்வரும் அடுத்தடுத்து எழுதினார்கள். வேதவல்லி வெகுநேரம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசை பதிவாகியிருந்தது. நிலையத்துக்குத் தகவல் அனுப்பினாள். சென்ற வாரம் உங்களுக்குப் பிடித்திருந்த அதே துணையர்களையே அனுப்புகிறோம் என்று பதில் வந்தது.

வாசலில் வந்து நின்றவர்களுக்கும் முகம் வெளிறியது, அவளுக்கும் வெளிறியது. பட்டை எரிந்தது, கையுறை இருந்தது. வேலை என்று அவர்கள் எழுதியது பொய்யில்லை. ஐவரும் ஓட்டலுக்குப் போனார்கள். மேசையில் உட்கார்ந்ததும் பலராமன், "அந்த ஆமையைப் பத்தி முழுசாச் சொல்லுங்க மேடம்" என்றார்.

அவள் சொன்னாள். தண்ணீரில் மண்டியிட்டு, பதினோரு நிமிஷம் கம்பியை நெம்பி, துடுப்பை எடுத்து விட்டதை. அது திரும்பிப் பாராமல் இருட்டுக்குள் நீந்திப் போனதை. தன்னையறியாமல் 'போயிட்டு வா' என்று கத்தியதையும், அந்தச் சுவர்களுக்குள் தன் குரலையே கேட்டுப் பல நாளானதால் திடுக்கிட்டதையும் சொன்னாள். முடிவு தெரிந்த கதைதான். ஆனாலும் எட்டுக் கண்களும் அசையவில்லை. கோமளா மூக்கை உறிஞ்சினாள். வேதவல்லிக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து, துணையர் யாரும் செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செலின் செய்தாள். தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். "எனக்கும் ஒண்ணு சொல்லணும் மேடம். இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. எங்க அம்மா கடைசியா..." என்று தாழ்ந்த குரலில் தொடங்கினாள்.

வேதவல்லியின் உள்ளங்கை குறுகுறுத்தது. 'ஞாயிறு சொந்தங்கள்' வட்டம் தானாகவே ஒரு செய்தி அனுப்பியிருந்தது. இன்றைய சந்திப்பு ரத்தானதற்கு உங்கள் சொந்தங்களுக்கு வருத்தம் தெரிவிக்க இதயத்தை அழுத்தவும் என்று அது சொன்னது. மேசைக்கு அடியில் கையை வைத்து, அவள் அழுத்தினாள். நான்கு பேருக்கும் தனித்தனியாக அழுத்தச் சொன்னது, அழுத்தினாள்.

நிமிர்ந்தபோது செலின் பேசிக்கொண்டிருக்கவில்லை.

"சொல்லும்மா, எங்க விட்டே?" என்றாள் வேதவல்லி.

செலின் துணையருக்கு உரிய சிரிப்பைச் சிரித்தாள். "ஒண்ணுமில்ல மேடம். இன்னும் கொஞ்சம் பொங்கல் வைக்கச் சொல்லட்டுமா?"