உள்ள ஆள் உண்டா?

ஆளில்லாத அறை கைதட்டலை முழுசாகத் திருப்பித் தரும். ஆள் உட்கார்ந்திருந்தால் கொஞ்சத்தை விழுங்கிக்கொண்டு மிச்சத்தைத் தரும். மனித உடம்பு சத்தத்தை உறிஞ்சும். கொம்பு ஸ்பீக்கர் செய்கிறவனுக்கு இது பாலபாடம். செபாஸ்டினுக்குப் பிடிபடாதது வேறு. மைக்கை மட்டும் உள்ளே வைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நின்று சோதனை ஒலியை ஓடவிட்டாலும், அறை ஓர் ஆள் அளவுக்கு விழுங்கிக்கொண்டுதான் தந்தது.

போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய ஏலக்காய் ஸ்டோர் அது. கல் சுவர், ஒரே கதவு, கூரையோரம் ஆவி போக ஓர் ஓட்டை. வெளியே அடுப்பில் விறகு எரித்தால், உள்ளே தரையில் ஓடும் இரும்புக் குழாய்கள் சூடேறிக் காயை உலர்த்தும். கரண்ட் டிரையர் வந்ததும் தோட்டத்தார் அதைக் கைவிட்டார்கள். கொச்சியில் இரவு ஷிப்டை விட்டுவிட்டு வந்த செபாஸ்டின் கேட்டு வாங்கிக்கொண்டான். பிளைவுட்டில் ஆளுயரத்துக்குக் கொம்புகள் செய்தான். சத்தம் வெளியேறாமல் கதவில் மெத்தை அடித்தான். குழாய்கள் அதிராமலிருக்க மணல் கொட்டி மூடினான். நாளைக்குக் கட்டப்பனையிலிருந்து ஒருவர் கேட்டுப்பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் பிழைப்பு. பிடிக்காவிட்டால் மறுபடி இரவு ஷிப்ட்.

"யானைக்குக் காது செஞ்ச மாதிரில்ல இருக்கு," என்றாள் அவன் மனைவி அன்னாள். "நீங்க கல்யாணம் கட்டுனது என்னையவா, இந்தக் கொம்பையா?"

"கொம்பு எதுத்துப் பேசாதுல்ல."

"அதான் நாளெல்லாம் ஒங்க குரல்லயே பேசுதே. பெறகென்ன?"

உண்மைதான். சோதிக்கப் பாட்டை நம்ப முடியாது. தன் குரலைப் பதிவு செய்து அதை ஓடவிட்டுத்தான் கொம்பைச் சரிசெய்துகொண்டிருந்தான். கேட்டால் ஆள் எதிரே நிற்பதுபோல இருக்க வேண்டும். அதுவரை விடுவதில்லை.

ஸ்டோருக்கு ஒரு வழக்கம் உண்டு. அடுப்பு மூட்டுகிறவர் கதவைத் தாழ் போட்டு, ஆவி ஓட்டையைப் பார்த்து, "உள்ள ஆள் உண்டா?" என்று மூன்று தடவை கேட்பார். வெளியே கூட நிற்கும் இன்னொருவர் "யாரும் இல்ல" என்று சொன்ன பிறகே தீ. செபாஸ்டினின் அப்பா வேதமுத்து இங்கே அடுப்புக்காரராக இருந்தவர். ஒரு மழைக்காலத்தில் அப்படிக் கேட்டுத்தான் மூட்டினார். காலையில் கதவைத் திறந்தால், காய் பரப்பும் இருதயம்மாள் உள்ளே செத்துக் கிடந்தாள். 'இல்ல' என்று சொன்னது யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சாகும்வரை ஒரே பதில்தான்: "எம் பின்னாடி நின்னு அவளேதான் சொன்னா." ஒருவரும் நம்பவில்லை. மகனும் நம்பவில்லை.

நாலு நாள் மழையில் பிளைவுட் ஈரம் குடித்துப் பசை விட்டிருந்தது.

"பூப்பாறைக்குப் போயி பசை வாங்கியாரேன். நான் போன பெறகு ஸ்டோர் அடுப்புல ரெண்டு வெறகு வையி. காயட்டும்."

"சோத்த வடிச்சிட்டு வைக்கிறேன். கொடை எடுத்துட்டுப் போங்க."

பாதை வரை போனவன் திரும்பினான். மேல்கொம்பை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் என்ன? ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பழைய ஏலக்காய் வாசனையும் ஊறிய மரத்தின் புளிப்பும் மூக்கில் ஏற, நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடித் தன் குரலை ஓடவிட்டான். வந்தது. எச்சில் விழுங்குவது, மூச்சை இழுப்பது, சொல்லுக்கு முன்னால் உதடு பிரிவது உட்பட எல்லாமே ஒரு முழ தூரத்தில் ஆள் நிற்பதுபோல வந்தது. உட்கார்ந்தபடியே கைதட்டிப் பார்த்தான். போன் திரையில் எதிரொலியை அளக்கும் கோடு தாழ்ந்தது. இரண்டு ஆள் அளவு.

கரண்ட் போனது. ஆம்ப்ளிஃபயர் விளக்கு அணைந்தது.

குரல் உடனே நிற்கவில்லை. ஒரு மூச்சு இழுத்துவிட்டு நின்றது.

வெளியே தாழ் விழுந்தது.

"உள்ள ஆள் உண்டா?" அன்னாளின் குரல், ஓட்டை வழியே, மெலிதாக.

"இருக்கேன்! அன்னா, இருக்கேன்!"

மழை. தகரத்தில் மழை.

"உள்ள ஆள் உண்டா?"

கதவில் மோதினான். மெத்தை வாங்கிக்கொண்டது. குழாயில் எட்டி உதைத்தான். மணல். போனில் சிக்னல் இல்லை. அந்தச் சுவருக்குள் என்றைக்கும் இருந்ததில்லை.

"உள்ள ஆள் உண்டா?"

கத்த வாயைத் திறந்தான். அதற்குள் வெளியே, அவள் பக்கத்திலிருந்து, ஓர் ஆண் எச்சில் விழுங்கினான். உதடு பிரிந்தது.

"யாரும் இல்ல. மூட்டு."

செபாஸ்டினின் குரல்.

"ஆத்தி! அதுக்குள்ள வந்துட்டீகளா? கொடை எங்க? தெப்பமா நனைஞ்சு நிக்கீக. வாங்க, சோறு ஆறுது."

தீக்குச்சி உரசியது. காலடிகள் வீட்டுப் பக்கம் போயின. இரண்டு பேருடையவை. அன்னாள் எதற்கோ சிரித்தாள்.

மணலுக்கடியில் இரும்பு டிக் டிக்கென்று விரியத் தொடங்கியது.

இருட்டில் அவன் கைதட்டினான்.

முழுசாகத் திரும்பி வந்தது.