நான்கு பாட்டில் மூடிகள்

எடிட்டர் அந்த வீட்டு மணியை அடித்தபோது மத்தியானம் இரண்டு மணி. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தவள் அவனுடைய கூட்டாளியின் மனைவி. கூட்டாளி செத்து இரண்டு மாதம் ஆகிறது. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவை இருவரும் பதினோரு வருஷம் நடத்தினார்கள். அவன் கேமரா, இவன் எடிட்டிங்.

"வாங்கண்ணே. உங்களை விட்டா இதெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்று மாடி அறைக்கு அழைத்துப் போனாள்.

மேஜைமேல் ஒரு கறுப்பு உலோகப் பெட்டி இருந்தது. கணினிக்கு வெளியே வைத்து மாட்டும் ஹார்ட் டிஸ்க். பார்த்ததுமே எடிட்டர் அதை அடையாளம் கண்டுகொண்டான். இரண்டு மாதமாக அவன் தேடாத இடமில்லை.

"அவர் போன அன்னைக்கு நான்தான் கழட்டி பீரோவுல வச்சேன். நேத்துதான் ஞாபகம் வந்துச்சு. அவர் குரல் ஏதாவது இருந்தா போதும்ணே. இந்தப் புது டிஸ்க்குல ஏத்திக் குடுங்க. வெளிய மட்டும் கொண்டுபோக வேணாம், தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல என்னம்மா இருக்கு? நீ போய் வேலையப் பாரு."

அவள் தேடும் குரல் அதில் இருந்ததோ இல்லையோ, எடிட்டரின் முகம் இருந்தது. மணப்பெண்கள் உடை மாற்றும் அறைகளில் திருட்டுத்தனமாகக் கேமரா ஒளித்து எடுத்த வீடியோக்களை அவன் வெளியே விட்டுக்கொண்டிருந்தான். அது கூட்டாளிக்குத் தெரிந்துவிட்டது. போலீசுக்குப் போவேன் என்றான். அதே மத்தியானம், இதே நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தவனின் முகத்தில் மடித்த துண்டை வைத்து, கால் உதைப்பது நிற்கும்வரை எடிட்டர் அழுத்தினான். கடைசியில்தான் திரைக்கு மேலிருந்த குட்டிக் கேமராவில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தான். அதற்குள் படியில் அவள் காலடி கேட்டது. பின்பக்கமாக ஓடிவிட்டான். மாரடைப்பு என்று ஊரே நம்பியது.

வெறுமனே அழித்தால் மீட்டெடுக்க ஆள் உண்டு. உடைத்தால் அவள் கேட்பாள். ஆனால் வெப்பத்தில் டிஸ்க் வெந்து செத்தால் யாரும் யாரையும் கேட்க முடியாது. நகல் தேதி வரிசையில் ஏறும். அந்த நாள் கடைசியில்தான் வரும். அதற்குள் இது சாக வேண்டும்.

டிஸ்க்கை எப்படிக் காப்பாற்றுவது என்று செத்தவன் தினமும் பாடம் எடுப்பான். சமதளத்தில் படுக்க வை, சுவரோடு ஒட்டாதே, துணி போடாதே, ஓடும்போது அசைக்காதே. அடியில் காற்றோட நான்கு மூலைக்கும் நான்கு பாட்டில் மூடிகளை வைப்பான். "அதுக்கும் மூச்சு விட இடம் வேணும்டா" என்பான்.

எடிட்டர் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தான். மூடிகளைக் குப்பைக்கூடையில் போட்டான். பெட்டியைத் தலையணைமேல் வைத்து, கனத்த துண்டால் சுற்றினான். மின்விசிறியை நிறுத்தினான். ஜன்னலைச் சாத்தினான். நகல் ஓட ஆரம்பித்தது. திரையில் டிஸ்க்கின் வெப்பம் ஏறியது. 44. 49. 53.

நிம்மதியாகக் கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

துண்டு நாற்காலியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேஜையில் பெட்டி படுத்திருந்தது, நான்கு மூடிகள்மேல்.

வெப்பம் 31.

"நீ மேல வந்தியாம்மா?" என்று படியிலிருந்து குரல் கொடுத்தான்.

"இல்லையேண்ணே. பாத்திரம் தேச்சிட்டு இருக்கேன்."

அவன் கதவைத் தாழிட்டான். மூடிகளைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பெட்டியைத் துண்டால் சுற்றி, ஒயரால் இறுகக் கட்டி, எதிரே உட்கார்ந்தான். யார் வருகிறார் என்று பார்த்துவிடலாம்.

நகல் எண்பது சதவீதம்.

அறையில் செத்தவனின் முகச்சவர லோஷன் வாசம் வந்தது. பெட்டிக்குள்ளிருந்து கிர்ர், கிர்ர் என்று சத்தம். வெப்பம் ஏறவில்லை. 30. 28. 25.

ஏறியது எடிட்டருக்குத்தான். காது மடல் எரிந்தது. பிறகு உள்ளங்கை. மூச்சு நெஞ்சுக்குழியைத் தாண்டி இறங்க மறுத்தது.

தொண்ணூற்றேழு.

"நாசமாப் போ" என்று பெட்டியைத் தூக்கித் தரையில் அடிக்க ஓங்கினான்.

கை இறங்கவில்லை.

பின்னாலிருந்து தலைமுடியைப் பிடித்த ஏதோ ஒன்று அவன் முகத்தை மேஜை விளிம்பில் மோதியது. மூக்கு நொறுங்கியது. மறுபடி மோதியது. இரண்டு பற்கள் விசைப்பலகைமேல் தெறித்தன. கத்த வாயைத் திறந்தான். ஒயர் தானாக அவிழ்ந்தது.

துண்டு வாய்க்குள் போனது. முழுவதும் போனது.

மல்லாந்து விழுந்தவனின் நெஞ்சில் ஒரு முழங்கால் ஏறியது. அங்கே யாருமில்லை. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக முறிவது அவன் காதுக்கே கேட்டது. கண்ணில் ரத்தம் கட்டிக்கொண்டு வர, தரையை உதைத்தான். கூட்டாளி எத்தனை முறை உதைத்தானோ, அத்தனை முறை.

காதோரம் பழகிய குரல் கிசுகிசுத்தது.

"இடம் வேணும்ல?"

கதவை உடைத்து அக்கம்பக்கத்தார் நுழைந்தபோது அவன் உடம்பு அனலாய்க் கொதித்தது. தூக்கியவர்கள் கீழே பார்த்தார்கள். இரண்டு தோள்களுக்கு அடியிலும் இரண்டு இடுப்பெலும்புகளுக்கு அடியிலும் ஒவ்வொரு பாட்டில் மூடி இருந்தது.

திரையில் கடைசி வீடியோ தானாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் நின்றபடியே முழுதும் பார்த்தாள். இரண்டு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. கணவனின் குரலும் அதில் இருந்தது, துண்டுக்கு அடியில் அவள் பெயரைக் கூப்பிட்டபடி.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் பெட்டியைக் கழற்றித் துணியில் சுற்றினார்.

"சார், துணி போட்டு மூடாதீங்க. அவருக்குப் பிடிக்காது," என்றாள்.

"சரிம்மா, சரி" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

நான்காவது படியில் அவர் சட்டைக் காலரைத் தளர்த்தினார். ஆறாவது படியில் மேல் பொத்தானைக் கழற்றினார். எட்டாவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, வாயால் மூச்சு வாங்கியபடி, துணியை அவசர அவசரமாகப் பிரித்தார்.