உறுப்பினர் எண்ணிக்கை: நான்கு

மூன்று பேர் இருக்கிற வீட்டில் நான்கு டம்ளர்கள் ஈரமாக இருந்தன.

கண்காணிப்பாளர் இதை முதலில் ஒரு நிர்வாகக் குறைபாடாகத்தான் பார்த்தார். அலுவலகத்தில் அவருடைய பிரிவுக்கு ஒரே வேலைதான்: ஊழியர்களின் பணிமூப்புப் பட்டியல். யார் முதலில் சேர்ந்தார், யாருக்கு முதலில் பதவி உயர்வு, யார் கை வைத்த நாற்காலியில் உட்காரலாம், யார் கையில்லாத நாற்காலியோடு ஓய்வு பெற வேண்டும் என்பதெல்லாம் அவர் பேனா முனையில் இருந்தது. எதிரில் எல்லோரும் ‘சார்’ என்றார்கள். முதுகுக்குப் பின்னால் ‘பட்டியல்’ என்றார்கள். இரண்டையும் அவர் மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

“நாலாவது டம்ளரை யாரு எடுத்தது?”

“பாப்பாவா இருக்கும். அதுக்கு ஒரு விசாரணைக் கமிஷன் வைக்கணுமா?” என்றாள் மனைவி.

“நான் எடுக்கலப்பா. நான் போனப்ப தண்ணியே இல்ல” என்றாள் பாப்பா.

அவர் புதிய தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தைப் பார்த்தார். இருபது லிட்டர் தொட்டி. ஒரு மணி நேரத்துக்கு முன்பு தண்ணீர் விளிம்புவரை நின்றிருந்தது. இப்போது அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த இயந்திரம் சும்மா வந்து சுவரில் ஏறவில்லை. எட்டு வயதுப் பாப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கல். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேசும் மருத்துவர், “நல்ல தண்ணி, நிறையத் தண்ணி. அவ்வளவுதான் மருந்து. அது உள்ள போகலன்னா சிறுநீரகம் தாங்காது” என்று சொல்லிவிட்டார். வேறு யாராவது இருந்தால் மறுநாளே கடைக்குப் போய் ஒன்றைத் தூக்கி வந்திருப்பார்கள். கண்காணிப்பாளர் அட்டவணை போட்டார். ஆர்.ஓ., யு.வி., செப்புத் தகடு, கரித்தூள் என்று இருபத்தேழு பத்திகள். உப்பு அளக்கும் மீட்டரைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு உறவினர் வீட்டுத் தண்ணீரையெல்லாம் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். நாற்பது நாட்கள் இப்படி ஓடின. பாப்பா அதுவரை கொதிக்க வைத்த தண்ணீரையே குடித்துவந்தாள்.

கடைசியில் வீட்டுக்கு வந்தவன் டை கட்டிய ஒரு விற்பனையாளன். இரண்டு கம்பிகளைக் குழாய்த் தண்ணீரில் விட்டு மின்சாரம் கொடுத்தான். தண்ணீர் கொழகொழவென்று பழுப்பானது. “இதைத்தான் சார் பாப்பா குடிக்கிறாங்க” என்றான், துக்கம் விசாரிக்கிற குரலில். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்காணிப்பாளருக்கு அது வெறும் வித்தை என்று தெரியும். அட்டவணையின் பத்தொன்பதாம் பத்தியே அதுதான். இருந்தாலும் அந்தப் பழுப்பு நிறத்திலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

“பெரிய தொட்டி வேணும்.”

“அது நாலு பேர் உள்ள குடும்பத்துக்குத்தான் சார். கம்பெனி விதி. நீங்க மூணு பேர்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஒரு பெரியவரைச் சேர்த்துக்கோங்க. யாரு வந்து தலையை எண்ணப் போறாங்க?”

முப்பது வருடங்களில் ஒரு தப்புப் பதிவு போடாத கை கொஞ்சம் தயங்கியது. பிறகு விண்ணப்பத்தில் எழுதியது. உறவு: பெரியப்பா. வயது: எழுபத்தொன்று. அவருடைய அப்பாதான் வீட்டில் மூத்தவர்; அவருக்கு அண்ணன் என்று ஒருவர் இருந்ததே இல்லை. பொய்யென்றாலும் பாதியில் நிற்கலாமா? ‘நீர் அருந்தும் அளவு’ என்ற கட்டத்தில், கேட்காமலே, ‘மிக அதிகம்’ என்று டிக் அடித்தார்.

இயந்திரம் ஓடத் தொடங்கிய அன்று மாலையே நான்காவது டம்ளர் நனைந்தது.

அதற்குப் பிறகு தொட்டியில் தண்ணீர் நிற்கவே இல்லை. மோட்டார் ஓயாமல் உறுமி, அடுப்படி முழுக்க ஒரு தாழ்ந்த ரீங்காரத்தைப் பரப்பியது. நெடுங்காலம் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் வருமே, பழைய துணியும் கற்பூர உருண்டையும் கலந்த வாடை, அது கழுவுதொட்டியின் ஓரத்திலிருந்து மெல்லக் கிளம்பி, தட்டு அலமாரியில் தங்கி, சோற்றிலும் ஏறியது. இயந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கிப் போட்டார். பயனில்லை. கொதிக்க வைத்த தண்ணீர் ஆறுவதற்குள் பாத்திரம் அடியோடு காய்ந்தது. வாங்கிய பாட்டில்கள் முத்திரை உடையாமலே காலியாக நின்றன. பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். பாப்பா வாயருகே கொண்டுபோனதும் டம்ளர் வெறுமையானது. “அடேயப்பா, ஒரே மடக்குல குடிச்சிட்டாளே!” என்று அந்த வீட்டம்மாள் சிரித்தாள். பாப்பா சிரிக்கவில்லை. அவள் உதடு வெடித்திருந்தது.

மருத்துவர் பாப்பாவின் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. “உடம்பு வத்திப் போச்சே! நாளைக்குக் காலையில சேர்த்துடுங்க” என்றார். அங்கே ஏற்ற வேண்டிய குளுக்கோஸ் பாட்டிலும் தண்ணீர்தான் என்பது கண்காணிப்பாளருக்கு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானம் பாப்பா அவர் காதருகே சொன்னாள். குரல், காகிதத்தைக் கசக்குவதுபோல் வந்தது.

“அப்பா, அந்தத் தாத்தாவை எனக்கு அப்புறம் குடிக்கச் சொல்லேன்.”

“எந்தத் தாத்தாம்மா?”

“பெரியவங்கதான் முதல்லன்னு சொல்றாரு. உங்கப்பன் போட்ட வரிசைதானேன்னு சொல்றாரு.”

மனைவியைப் பாப்பாவோடு உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, அடுப்படியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வெளியே வெயில் கொளுத்தியது. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் கோடு போட்ட தாள்போல் விழுந்திருந்தது. தெருவில் யாரோ மிதிவண்டி மணியை அடித்துப் போனார்கள். இயந்திரத்துக்கு மறுபடி இணைப்புக் கொடுத்தார். அது உறுமி, கொப்பளித்து, தொட்டியை அங்குலம் அங்குலமாக நிரப்பியது. பாதி. முக்கால். பச்சை விளக்கு.

பிறகு நீர்மட்டம் இறங்கியது.

மடக்.

குழாய் திறக்கவில்லை. சொட்டு விழவில்லை.

மடக். மடக்.

விழுங்கும் சத்தம். நிதானமாக. அவசரமே இல்லாத ஒரு தொண்டை.

மேடையிலிருந்த டம்ளரின் விளிம்பில் ஈரம் படர்ந்தது. உதடு அளவுக்கு. நிழல் கோடுகளில் இரண்டு மறைந்திருந்தன, நடுவில் யாரோ நிற்பதுபோல.

“யாரு?”

ஒரு கனைப்பு மட்டும். மேலதிகாரி அறைக்குள் நுழையும்போது கனைப்பாரே, அந்தக் கனைப்பு.

கண்காணிப்பாளர் சட்டென்று எழுந்து நின்றார். முப்பது வருடப் பழக்கம். முழங்கால் அவரைக் கேட்கவில்லை. எழுந்த பிறகுதான், எவருக்காக எழுந்தோம் என்று அவருக்கே புரிந்தது.

செருப்பு மாட்டாமல் ஓடினார். இரண்டு தெரு தள்ளிக் கடை. டை கட்டியவன் கணினிக்கு முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

“என்ன சார் இது, காலெல்லாம்...”

“பேரை எடு. இப்பவே எடு. நாங்க மூணு பேர்தான். பொய் எழுதிட்டேன், எழுதிக் கொடுக்கிறேன், தண்டனை எதுவானாலும் சரி.”

“ஐயோ, இதுக்குப் போய் எதுக்கு சார் அழுவுறீங்க?” அவன் தட்டச்சுப் பலகையில் நாலைந்து தட்டுத் தட்டினான். “பாருங்க, முடிஞ்சிது. உறுப்பினர் எண்ணிக்கை மூணு. நாலாவது ஆளை நீக்கியாச்சு.”

கண்காணிப்பாளர் திரையை நோக்கிக் குனிந்தார்.

“நாலாவதா?”

“ஆமா சார். கூடச் சேர்த்த ஆளை எல்லாரும் கடைசியிலதானே எழுதுவாங்க?”

எல்லாரும் எழுதுவார்கள். கண்காணிப்பாளர் எழுதவில்லை. பொய்யான பெரியவரானாலும் பெரியவர் பெரியவர்தானே? ஒன்று, குடும்பத் தலைவர். இரண்டு, பெரியப்பா. மூன்று, மனைவி. தலைவருக்கு அடுத்து வயதுப்படி, மூப்புப்படி, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

“ரெண்டாவதுய்யா! ரெண்டாவது! நாலாவது என் பொண்ணு!”

“அப்படியா சார்? சிஸ்டம் ஏத்துக்கிச்சே. திரும்பச் சேர்க்கணும்னா தலைமை ஆபீசுதான். திங்கக்கிழமை...”

மீதியை அவர் கேட்கவில்லை. தெரு நீண்டுகொண்டே போனது. காலில் என்னவோ குத்தியது. பாப்பா, பாப்பா என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தது. நிறுத்தினால் அந்தப் பெயரும் போய்விடும் என்று பயந்தவர்போல.

வீடு அமைதியாக இருந்தது.

மோட்டார் சத்தம் இல்லை. அந்த வாடையும் இல்லை.

அடுப்படி வாசலில் மனைவி நின்றிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது. பல நாட்களுக்குப் பிறகு.

“என்னங்க, வந்துட்டீங்களா? தொட்டி தளும்பி நிக்குது, பாருங்க. இவளும் குடிக்க ஆரம்பிச்சிட்டா. இது ஏழாவது டம்ளர்!”

பாப்பா மேடைக்குக் கீழே அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அதே ஊதாச் சட்டை. அதே இரட்டைச் சடை. தலையை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். கண்காணிப்பாளர் அவளை நோக்கி இரண்டடி வைத்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின. “கண்ணு...” என்றார்.

மடக். மடக். நிதானமாக.

டம்ளரைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். சின்ன விரல்கள்தான். ஆனால் நாள்கணக்கில் நீரில் ஊறியதுபோல் வெளுத்து, சுருங்கி, நகங்கள் மஞ்சள் பூத்திருந்தன.

பாப்பா தொண்டையைக் கனைத்தாள்.

“என்ன தம்பி, நின்னுக்கிட்டே இருக்க? ஊத்து.”

திரும்பாமலே டம்ளரை நீட்டினாள். மனைவி அவர் தோளைத் தொட்டு, “ஊத்துங்களேன், கேக்குறா இல்ல?” என்றாள்.

அவர் கை குழாயை நோக்கிப் போனது. கண்ணாடிபோன்ற தொட்டி, விளிம்புவரை தண்ணீர், சொட்டு மாசில்லாத தண்ணீர். அதன் சுவரில் உள்பக்கமாக ஒரு சிறு உள்ளங்கை பதிந்திருந்தது. ஐந்து விரல்களும் விரிந்து, அவர் கை நெருங்க நெருங்க, கண்ணாடியை இன்னும் அழுத்தின.

“ஊத்து தம்பி.”