சூடு... மாமா, சூடு!

"ஐயோ... கலைமகளு!"

பக்கத்து வீட்டு செல்வாம்பாளின் அலறலில் முதலியார்பேட்டையின் அந்தச் சந்தே திரண்டு வந்தது.

பாயில் கலைமகள் கிடந்தாள். தாலிக் கயிற்றில் மஞ்சள்கூட வெளுக்கவில்லை. உயிர் மட்டும் போயிருந்தது.

கால்மாட்டில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி, மே... மே... என்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பாவம், அதற்கு யார் போய் விளக்குவது?

இன்ஸ்பெக்டர் ஜானகிராமன் குனிந்து பார்த்தார்.

இறந்தவளின் தோளில் வட்டமாக ஒரு கருப்புப் புண். சிகரெட்டை வைத்து அணைத்த மாதிரி!

மூலையில் சுருண்டு கிடந்தான் கணவன் சிலம்பரசன். மில் மூடியதும் ஆட்டோ ஓட்ட வந்தவன். அவன் சட்டைப் பையில்... சிகரெட் பாக்கெட்!

"கடைசியா என்னம்மா சொன்னா?" செல்வாம்பாளைக் கேட்டார்.

"'சூடு... மாமா, சூடு'ன்னே பொலம்பிக்குனு இருந்தா சார். புருஷன மாமான்னுதான் கூப்புடுவா."

போலீசுக்கு இது போதாதா? மாமா சூடு வைத்திருக்கிறான்!

"சார்... ஒரு வாரமா காய்ச்சல் சார். டாக்டராண்ட இட்டுக்குனு போயி ஊசி கூட..."

பளார்!

மீதியைச் சொல்லவிடாமல் ஜானகிராமன் அவனை லாக்கப்பில் தள்ளினார்.

பாகூரிலிருந்து கலைமகளின் அப்பா முருகையன் வந்தார். விவசாயி. ஒரே மகள். ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"எம்பொண்ண கொன்னவன் எவனா இருந்தாலும் வுடமாட்டேன் சார்! அவன வெளிய வுடுங்க... வெட்டிப் போட்டுட்டு நானும் சாவறேன்!"

சொல்லிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

சில நாள் கழித்து, ஜானகிராமனின் மேஜையில் போன் அலறியது.

"லேப்லேர்ந்து சந்திரகலா பேசறேன் சார். போஸ்ட்மார்ட்டத்துல எடுத்த ரத்தம் பேசிடுச்சு. உடனே வாங்க!"

போனார். சந்திரகலா ஒரு வெள்ளைப் பட்டையை நீட்டினாள்.

"உங்க அடையாள அணிவகுப்பு மாதிரிதான் சார். கிருமியோட புரதங்கள பிரிச்சு, இதுல வரிசையா நிறுத்திட்டோம். மேல கலைமகளோட ரத்தநீர ஊத்துனோம். அவ உடம்பு எந்தக் கிருமியோட சண்ட போட்டுச்சோ, அதோட புரதத்த மட்டும் அது போய்ப் புடிச்சிக்கும். புடிச்ச எடத்துல கோடு விழும்."

"விழுந்திருக்கா?"

"பாருங்க, கருகருன்னு! உண்ணிக் காய்ச்சல் சார். தோள்ல இருந்தது சிகரெட் சூடு இல்ல. உண்ணி கடிச்ச எடம். பிரெஞ்சுல 'தாஷ் நுவார்'ம்பாங்க. கரும்புள்ளி."

"அப்ப... 'சூடு'ன்னாளே?"

"உடம்பு அனலா கொதிக்கறப்ப வேற என்ன சார் சொல்லுவா?"

ஜானகிராமனுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பெண் புருஷனைக் காட்டிக் கொடுக்கவில்லை... கூப்பிட்டிருக்கிறாள்!

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா சாதாரண மாத்திரையிலயே பொழைச்சிருப்பா." சந்திரகலா பட்டையைக் கீழே வைத்தாள். "வீட்ல நாய், ஆடு, மாடு ஏதாவது இருக்கா சார்?"

மே... மே...!

ஜீப் மறுபடி அந்தச் சந்துக்குப் பறந்தது. குட்டியின் காதை மடக்கிப் பார்த்தார். உள்ளே கொத்துக் கொத்தாய் உண்ணி!

லாக்கப்பைத் திறந்தார்.

"நீ போலாம்ப்பா. உம்மேல தப்பு இல்ல. ஆட்டு உண்ணி கடிச்சுதான்... அந்தக் குட்டி ஏது?"

சிலம்பரசன் கம்பியைப் பிடித்து எழுந்தான்.

"அவ பால் ஊத்தி வளத்தது சார். இங்க வந்து அதையே நெனச்சி ஏங்கிப் போனா. ஆடிச் சீர் கொண்டாந்தப்ப மாமனாருதான் அதையும் தூக்கியாந்து குடுத்தாரு. சீர்த் தட்ட அவ திரும்பிக்கூட பாக்கல. குட்டிய தோள்லயே போட்டுக்குனு..."

உடைந்து அழுதான். சட்டென்று இன்ஸ்பெக்டரின் காலைப் பிடித்தான்.

"ஆடுன்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க சார். தாங்கமாட்டாரு. தெருநாயின்னு சொல்லுங்க."

"யோவ், உன்ன வெட்டறேன்னு வாசல்ல ஒக்காந்திருக்காருய்யா!"

"அவளோட அப்பா சார்."

இருபது வருஷ சர்வீசில் முதல்முறையாக ஜானகிராமனின் கண் கலங்கியது.

வாசலில் முருகையன் துள்ளி எழுந்தார்.

"யாரு சார் கொன்னது? பேர சொல்லுங்க!"

"உண்ணிக் காய்ச்சல், பெரியவரே. தெருநாய்கிட்டேர்ந்து வந்திருக்கு. உங்க மாப்ள ஒரு பாவமும் பண்ணல."

முருகையன் மருமகனைப் பார்த்தார். வெட்டுவேன் என்ற அதே கைகளால் அவனைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். வெகுநேரம் அழுதார்கள்.

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"மாப்ள... அந்த ஆட்டுக்குட்டிய நான் இட்டுக்குனு போறேன். எம்பொண்ணு ஞாபகமா மடியில வெச்சிக்குனு கெடப்பேன்."

சிலம்பரசன் பதறிப்போய் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான்.

ஜானகிராமன் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"அதெல்லாம் முடியாது பெரியவரே! இந்தக் கேசுல கண்ணால பாத்த சாட்சி அது ஒண்ணுதான்... வெளிய வுட்டா யாராவது கலைச்சிடுவாங்க!"