ஐந்தாவது வரி

இருபத்தெட்டு நாளாகியும் மப்ளர் காயவில்லை.

பொலிஸ்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்த பிளாஸ்ரிக் பையைப் பிரபாலினி இன்றைக்குத்தான் திறந்தாள். அலுமாரிக்கு மேலே, சூட்கேசுக்குப் பின்னால், கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒளித்து வைத்திருந்த பை அது. உள்ளே அவள் புருஷன் பானுஜனின் பணப்பை, வீட்டுத் திறப்புக் கோர்வை, நாலாக மடித்த ஒரு கடதாசி, போன வருடம் அவள் வாங்கிக் கொடுத்த சாம்பல் நிற மப்ளர். இறுக்கி மூடிய பைக்குள் ஈரம் எங்கே போகும், அதனால்தான் காயவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் அதில் பழைய ஈரத்தின் பூஞ்சண மணம் இல்லை. இப்போதுதான் பனிக்குள்ளிருந்து வந்த ஆளின் உடுப்பில் இருக்கும் கூர்மையான குளிர் மணம்தான் இருந்தது. கம்பளி நூலின் இடுக்கில் வெள்ளையாக ஒரு துகள் ஒட்டியிருந்தது, அவள் விரல் பட்டதும் கரைந்து போனது. அதைக் குளியலறை ஹீட்டரில் காயப்போட்டுவிட்டு வந்து கையைத் துடைத்தாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது அந்தக் கடதாசி. சூரிச்சுக்குப் பக்கத்து அட்லிஸ்வில்லில், மூன்றாம் மாடியின் அந்த இரண்டறை வீட்டில் இருந்துகொண்டு பிரபாலினி செய்த தொழில் தமிழ் ரைப் அடிப்பது. கோயில் நோட்டீஸ், கலியாண அழைப்பிதழ், எல்லாவற்றையும் விடக் கூடுதலாகக் கல்வெட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சாப்பிட வருகிறவர்களின் கையில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு யாழ்ப்பாணத்தார் வைத்த பெயர் அது. எங்கெங்கோ செத்துப்போன, முகம் தெரியாத மனிதர்களுக்கெல்லாம் அழகாகப் பக்கம் கட்டிக் கொடுத்தவள் இப்போது தன் புருஷனுக்குக் கட்ட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தியேட்டி. நாளைக் காலை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அவனுடைய படங்களும் பாதி முடிந்த பக்கங்களும் அந்த ஒரே கணினிக்குள் இருந்தன, அதுவோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்து நின்றது.

அதைக் கெடுத்தவன் பானுஜனேதான். சமையற்கட்டு வேலை முடிந்து வருகிறவன், முகம் கழுவ முன்னமே கணினிக்கு உடுப்பு மாற்றத் தொடங்கிவிடுவான். தீம் என்கிற திரைத் தோற்றத்தை மாற்றுகிற மென்பொருள் ஒன்றை எங்கேயோ இருந்து இறக்கி வைத்திருந்தான். ஒரு கிழமை பெட்டியெல்லாம் கண்ணாடி, மறு கிழமை எல்லாம் மரப்பலகை, அதற்கடுத்த கிழமை அம்புக்குறிக்குப் பதிலாக ஒரு மயில். பிள்ளை இல்லாத வீட்டில் அவனுக்கு அதுதான் பிள்ளை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஜேர்மன் மெனுக்களோடு பிரபாலினி மாரடிக்கிறாளே என்று அவனுக்கு ஒரு கவலை. கணினி முழுவதற்குமான எழுத்துருவை அந்த மென்பொருளால் மாற்றலாம் என்று கண்டுபிடித்து, அவள் ரைப் அடிக்கிற பாமினி என்ற தமிழ் எழுத்துருவையே எல்லா இடத்துக்கும் போட்டுவிட்டான். இனிமேல் எல்லாம் தமிழாகிவிடும் என்று அந்த மனிதன் உண்மையாகவே நம்பினான்.

பாமினிக்கு மொழிபெயர்க்கத் தெரியாது. ஒவ்வொரு ஆங்கில எழுத்தின் இடத்திலும் ஒரு தமிழ் எழுத்தை ஒட்டிவிடும், அவ்வளவுதான். ஸ்ரார்ட் என்று இருந்த பொத்தான் 'ளுவயசவ' ஆனது. மிச்ச இடங்களில் எழுத்தே இல்லாமல் வெறும் சதுரங்கள் நின்றன. அன்றைக்குக் கனடாக்காரர் ஒருவரின் கல்வெட்டு நாற்பது பக்கத்தோடு போய்விட்டது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் இவ்வளவு வலிக்காது. நிதானமாகச் சொன்னாள்.

"இதைத் திருத்திற வழி இல்லாமல் இந்த வாசல்படி மிதியாதேங்கோ."

குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து சிரித்தான். "சரி பிரபா. திருத்திப்போட்டு வாறன்" என்றான்.

போனான். சூரிச்சில், லாங்ஸ்ட்ராஸத் தெருப் பக்கம் வீடியோக் கடை வைத்திருக்கிற சச்சிதானந்தன் அண்ணைதான் தமிழருடைய கணினிகளைத் திருத்துகிறவர். அவரிடம் வழி கேட்டுக்கொண்டு திரும்பி வந்தான். அட்லிஸ்வில் ஸ்ரேசனில் பனி உறைந்து கிடந்தது. இறங்கி நடக்கையில், எதிர்ப்பக்க ரயில் வருகிற நேரத்தில் கால் வழுக்கியது. அங்கிருந்து வீட்டுக்கு எட்டு நிமிட நடை. சவப்பெட்டியைத் திறக்கவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் கேட்டுக்கொண்டாள். அப்படிக் கேட்டுக்கொண்டதற்காக அவளால் தன்னை மன்னிக்கவே முடியவில்லை.

இன்று மத்தியானம் வேறு வழியில்லாமல் சச்சிதானந்தன் அண்ணைக்குப் போன் எடுத்தபோதுதான் அவர் சொன்னார், பானுஜன் எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதிப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனவன் என்று. அப்படியென்றால் அவன் வழியோடுதான் வந்திருக்கிறான். பையைத் திறக்கும்வரை அவள் அழுதாள்.

கடதாசியில் அவனுடைய சாய்ந்த கையெழுத்தில் இலக்கம் போட்டு ஐந்து வரிகள். நாலு தெளிவாக இருந்தன. ஐந்தாவதில் மை கரைந்து நீலமாகப் பரவியிருந்தது.

வெளியே நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து வந்த மூடுபனி யன்னலில் ஒட்டிக்கொண்டு தெருவிளக்குகளை மங்கலாக்கியிருந்தது. தைப்பொங்கல் நாள், சாவுத் துடக்கு வீடு என்பதால் அடுப்பில் எதுவும் இல்லை. ஹீட்டர் குழாய்க்குள் தண்ணீர் ஓடும் மெல்லிய சத்தமும் கணினியின் விசிறி இரைச்சலும் தவிர வீட்டில் வேறு ஒலியே கிடையாது.

முதலாவது வரி, தீம் தானாகத் தொடங்குவதை நிறுத்துவது. எச்சரிக்கைப் பெட்டி ஒன்று தமிழ் எழுத்துக் குழப்பமாக வந்து நின்றது. அவள் பயப்படவில்லை, வருடக்கணக்காகப் பாமினி அடித்த விரல்கள் அவளுடையவை. 'ய' என்றால் இடது சுண்டுவிரல், 'ந' என்றால் நடுவிரல். விரல் எந்தச் சாவிக்குப் போகிறதோ அதுதான் உண்மையான எழுத்து. அப்படி மேசையில் தட்டித் தட்டியே ஜேர்மன் சொற்களை வாசித்து, சம்மதம் கொடுத்தாள். திரை அணைந்து மறுபடி எழும்பியது. அந்த நேரம் கீழே கட்டடத்தின் கண்ணாடிக் கதவு திறந்து, அதன் பாரமான சுருள்வில் மெதுவாக இழுத்து மூடும் சத்தம் கேட்டது. பத்துக் குடும்பம் இருக்கிற கட்டடம், யாரோ வேலையால் வருகிறார்கள் என்று நினைத்தாள்.

இரண்டாவது வரி. எஃப் எட்டை அழுத்திப் பாதுகாப்பு முறையில் எழுப்பி, தீம் மென்பொருளையே எடுத்துவிடுவது. திரை கறுத்து, எழுத்துகள் தடித்து வந்தன. மயிலும் இல்லை, மரப்பலகையும் இல்லை. உண்மையாகவே நீக்கவா என்று அது கேட்டபோது அவள் கை சுட்டியில் அப்படியே நின்றுவிட்டது. அவன் கடைசியாக அவளுக்குத் தந்தது இந்தக் கோளாறு ஒன்றுதான். "மன்னியுங்கோ" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அழுத்தினாள்.

வாசற்கதவின் அடியில் வெளிச்சக் கோடு விழுந்தது. படிக்கட்டு விளக்கை யாரோ போட்டிருக்கிறார்கள். மூன்று நிமிடம் எரிந்து தானாக அணைகிற விளக்கு. படிகளில் காலடி ஏறி வந்தது. ஒரு கால் ஊன்றியது, மற்றக் கால் கல்லில் உரசிக்கொண்டு பின்னால் வந்தது. ஊன்றல், உரசல். மறுபடி ஊன்றல், உரசல். முதலாம் மாடி தாண்டியது. இரண்டாம் மாடியில் நின்றது. எந்தக் கதவும் திறக்கவில்லை. விளக்கு அணைந்தது. அந்த இருட்டுக்குள் நிற்கிறவர் யாரோ, விளக்கை மறுபடி போடவும் இல்லை, அசையவும் இல்லை. கணினி வேலை முடிந்ததாகச் சொல்லி அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது.

அவள் மூன்றாவது வரிக்குப் போனாள். பழைய எழுத்துருக்களை அவற்றின் இடத்தில் திரும்ப வைப்பது. பட்டியலில் இருந்த சதுரங்கள் ஒன்றொன்றாக எழுத்தாகிக்கொண்டு வந்தன, ஒவ்வொன்று மாறும்போதும் வெளியே காலடி ஒரு படி ஏறியது. அவள் கவனித்துவிட்டாள். கையை எடுத்தாள். காலடி நின்றது. கையை வைத்தாள். ஊன்றல், உரசல்.

வெளிச்சக் கோடு மறுபடி வந்தது. இந்தமுறை அதில் இரண்டு இடத்தில் கறுப்பு.

பிறகு கால்துடைப்பானில் மூன்று தட்டு. தட், தட், தட். சப்பாத்துப் பனியை உதறுகிற தட்டு. எத்தனையோ மாரிகாலம் அவள் கேட்டுக் கேட்டுத் தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைத்த தட்டு. கதவிடுக்கால் குளிர் வந்தது. பனி மணம். அதோடு தண்டவாள இரும்பின் மணம்.

குளியலறைக்கு ஓடினாள். ஹீட்டர் கொதித்தது. அதில் மப்ளர் இல்லை. நிலத்தில் துளித்துளியாகத் தண்ணீர், குளியலறையிலிருந்து நடைக்கூடம் வழியே வாசற்கதவு வரை.

கதவின் பார்வைத் துவாரத்தில் கண்ணை வைத்தாள். சாம்பல் நிறம். பின்னிய கம்பளி. அவ்வளவு கிட்ட.

சச்சிதானந்தன் அண்ணைக்குப் போன் எடுத்தாள். ஐந்தாவது என்ன என்று மட்டும் கேட்டாள்.

"அஞ்சாவதோ? நான் நாலுதானே தங்கச்சி சொன்னனான்," என்றார் அவர். "நாலாவதைச் செய்தால் எல்லாம் சரி. பிறகு ஒண்டும் இல்லை."

அவள் போனை வைத்தாள். நாலாவது வரி சின்ன வேலை. எழுத்துரு நினைவகத்தை அழித்து ஒருதரம் மூடித் திறக்க வேண்டும். அதைச் செய்யாமல் விடலாம். கணினி அரைகுறையாகவே கிடக்கட்டும், கல்வெட்டு இல்லாமலே அந்தியேட்டி நடக்கட்டும், வெளியே நிற்பது வெளியேயே நிற்கட்டும். ஆனால் எவ்வளவு காலத்துக்கு? இருபத்தெட்டு நாள் இந்தப் பனிக்குள் அவன் நின்றிருக்கிறான். வாசல்படி மிதியாதே என்று சொன்னவள் அவள். சொல்லுக் கேட்கிற மனிதன் அவன், எப்போதும் அப்படித்தான்.

அழுத்தினாள்.

திரை இருண்டது. விசிறி நின்றது. ஹீட்டர் குழாயும் நின்றது. வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. பிறகு திரை வெள்ளையாக விரிந்தது, ஒரு பிழை இல்லாமல், ஒரு சதுரம் இல்லாமல், வாங்கிய நாளில் இருந்தது போல. கல்வெட்டுப் பக்கம் தானாகத் திறந்தது. அவன் படம். அவன் பெயர். எல்லா எழுத்தும் சரி.

அந்த வெள்ளை வெளிச்சத்தில் கடதாசியைத் தூக்கிப் பிடித்தாள். கரைந்த நீலத்துக்கு அடியில் பேனா அழுத்திய கோடுகள் தெரிந்தன. பகிடிக்காகத் தனக்குத்தானே எழுதி வைத்திருக்கிறான்.

5. வீட்டை போறது.

கதவுக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"பிரபா, திருத்தியாச்சோ? வரலாமோ?"

அவன் குரல்தான். கம்பளிக்குள்ளிருந்து வருவதால் அடைத்திருந்தது.

சங்கிலியைக் கழற்றினாள். திறப்பைத் திருப்பினாள். மூன்றடி பின்னால் வந்து நின்றாள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

"வாங்கோ," என்றாள்.

கதவு திறந்தது. படிக்கட்டு விளக்கு அந்த நேரம் பார்த்து அணைந்தது. கணினி வெளிச்சம் மட்டும். வாசற்படியில் சப்பாத்து இரண்டு. ஒன்று நேராக, மற்றது பின்பக்கம் திரும்பி. மேலே கறுப்பு ஜக்கெற். அதற்கு மேலே கழுத்திலிருந்து உச்சிவரை, கண்ணும் வாயும் தெரியாமல், சுற்றிச் சுற்றிக் கட்டிய மப்ளர். ஈரம் சொட்டியது. அந்தக் குளிரில் அவள் மூச்சுப் புகையாகப் போனது. அவனிடமிருந்து புகை வரவில்லை.

அவன் படியை மிதித்து உள்ளே வந்தான். வீட்டுக்குள் வந்தால் எப்போதும் முதலில் செய்கிற வேலையாக, கையை உயர்த்தி, மப்ளரின் முதல் சுற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.