கூட்டிப் போட்ட ஐந்து மாடிகள்

சங்கச் செயலாளர் வீட்டுக்குள் வரும்போதே சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். தபால் ஆபீஸில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர்; இப்போது குடியிருப்போர் சங்கம்தான் அவருக்கு ஆபீஸ். அவர் தேடி வந்த பெண்ணைத் தெருவில் அளவுகோல் என்பார்கள். ஒல்லி, உயரம், கட்டிட வரைபடம் போடுவது பிழைப்பு. வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் ஒரு மாடிக்கு மேல் கிடையாது. மேற்குக் கோடியில் இருந்த மரக்கடையை இடித்துக் காலி மனையாக்கி, அங்கே ஒன்பது மாடிக் குடியிருப்பு கட்டப்போவதாக வேலியில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் நகராட்சி ஆபீஸில் எழுதித் தர வேண்டும். கட்டிடம் எழும்பினால் சாயங்காலம் நாலு மணிக்கு அதன் நிழல் எதுவரை விழும் என்று அளவுகோல் வரைந்து கொடுத்திருந்தாள். அதில்தான் செயலாளருக்குக் குறை.

"நிழல் ஆறாவது வீட்டோட நின்னுடுதேம்மா. மிச்சப் பேர் எதுக்குக் கையெழுத்துப் போடுவாங்க? கடைசி வீடு வரைக்கும் இழுத்து விடேன்."

"இழுக்கிறதுக்கு அது என்ன சார் ரப்பரா? மாடியைக் கூட்டினாத்தான் நிழல் நீளும்."

"கூட்டேன். ஒரு அஞ்சு போடு. அவனுங்க மட்டும் ஒன்பதோட நிறுத்தவா போறானுங்க?"

அளவுகோல் உள்ளறையைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலோரக் கட்டிலில் அவள் அக்கா படுத்திருந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஆறு வருடம். மேற்கு ஜன்னல் வழியாகப் போர்வையில் வந்து விழும் வெயில்தான் அக்காவுக்கு ஊர் உலகம் எல்லாம். அம்மா போன பிறகு அவளுக்கு இவள், இவளுக்கு அவள், அவ்வளவுதான். அந்த வெயிலும் போய்விட்டால் அக்கா எதைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்?

அன்றே ஐந்து மாடியைக் கூட்டினாள். கீழே ஒன்பதுக்கும் கட்டுகிறவர்கள் கொடுத்த வரைபடம் இருந்தது. மேலே கூட்டிய ஐந்துக்கும் நாலு சுவரும் உச்சியில் ஒரு கைப்பிடிச் சுவரும் மட்டும் போட்டாள். நிழலுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? வரைபடத்தில் உச்சியின் நிழல், தெருவின் கடைசி வீடான அவள் வீட்டு உள்ளறைச் சுவரில் வந்து நின்றது. தெருவே கையெழுத்துப் போட்டு மனு போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் நாலு மணிக்குத் தெரு இருட்டியது.

மேகம் என்று நினைத்து, கொடியில் காயும் துணியை எடுக்க வெளியே வந்தாள். வானத்தில் ஒரு திட்டு மேகம் இல்லை. காலி மனைக்கு மேலே சூரியன் கண்ணைக் கூச வைத்தது. ஆனாலும் முகத்தில் துளி சூடு விழவில்லை. ஈர சிமென்ட் வாசனை குப்பென்று அடித்தது. எங்கோ மிக உயரத்தில் ஒரு ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது.

எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்.

"என்னம்மா, திடீர்னு இப்படிக் குளிருது?"

கேட்டுக்கொண்டே ரோட்டைப் பார்த்தார். நேர்க்கோடாகக் கிடந்த நிழலின் விளிம்பைக் கண்ணால் தொடர்ந்தார். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அளவுகோல் உள்ளறைக்கு ஓடினாள்.

சுவரின் கீழ்ப்பாதி இருட்டு. மேல்பாதியில் வெயில். நடுவே கைப்பிடிச் சுவரின் கோடு.

கோட்டுக்கு மேலே, இடுப்பு வரை, ஓர் ஆளின் நிழல்.

ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை.

"பயப்படாதடி," அக்கா கிசுகிசுத்தாள். "பாவம், அது ஒண்ணும் பண்ணாது."

அதன்பின் தினமும் வந்தது. கால் மணி நேரம் நிற்கும், போய்விடும். தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாலு மணியானால் கதவுகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொள்ளும். மனுவைத் திரும்ப வாங்கச் சொல்லி அளவுகோல் செயலாளரிடம் கெஞ்சினாள்.

"மேகமா இருக்கும்மா."

"மேகத்துக்குக் கைப்பிடிச் சுவர் இருக்குமா சார்?"

அவர் முகம் வெளுத்தது. "நம்பர் விழுந்த மனு அது. பொய்னு நாமே எழுதிக் குடுத்தா தெருவே போச்சு," என்று முனகினார்.

இதற்குள் அக்கா பாதியாகிவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. காலையிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்; நாலு மணிக்கு உதடு மட்டும் அசையும். பத்தாம் நாள் அளவுகோல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே விட்டாள்.

"என்னக்கா சொல்லுது?"

"கீழ இறங்கணுமாம். படிக்கட்டே இல்லையாம்."

கூட்டிய ஐந்து மாடிக்கும் அளவுகோல் படிக்கட்டு போடவில்லை. அதை அக்காவிடம் அவள் சொன்னதும் இல்லை.

"போட்டுக் குடேன்," என்றாள் அக்கா. "நாமதானே மேல ஏத்தி விட்டோம்."

இறங்கி எங்கேயாவது போய்த் தொலையட்டும், அக்காவை விட்டால் போதும். மறுநாள் விடிந்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு படியாக வரைந்தாள். மாடிக்கு இருபது, மொத்தம் நூறு படி. திருத்திய வரைபடம் என்று எழுதி நகராட்சி ஆபீஸுக்கு எடுத்துப் போனாள். வரிசையில் நின்று, அது மனுவோடு சேர்ந்து, சீல் விழுந்தபோது மணி மூன்றே முக்கால்.

தெருமுனைக்கு அவள் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்வதற்குள் நிழல் விழுந்திருந்தது. காலி மனையின் மேலே, வெறும் காற்றில், படிகளில் காலடி ஓசை கேட்டது. அப்பாடா, இறங்குகிறது என்று ஒரு கணம் அவளுக்கு மூச்சு வந்தது. நின்று காது கொடுத்தாள்.

ஓசை நெருங்கவில்லை.

தேய்ந்து தேய்ந்து மேலே போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் பாய்ந்தாள். கட்டில் காலி. போர்வைக்குள் இன்னும் உடம்புச் சூடு இருந்தது.

சுவரில் இரண்டு நிழல்கள்.

தெருவுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்தாள். வானம்தான் இருந்தது. "இறங்கி வந்துடுக்கா," என்று அழுதாள். "படிக்கட்டு இருக்குக்கா. வந்துடு."

வெகு உயரத்திலிருந்து அக்காவின் குரல் காற்றோடு வந்தது. ஆறு வருடமாக அந்தக் குரலில் இல்லாத சந்தோஷம்.

"இங்கேருந்து நம்ம வீடு எவ்ளோ சின்னதா தெரியுது தெரியுமாடி?"

மனு ஜெயித்தது. அனுமதி மறுக்கப்பட்டு, மனை இன்றுவரை காலியாகத்தான் கிடக்கிறது. அளவுகோல் மட்டும் நாலு மணிக்குக் கதவைச் சாத்துவதில்லை. அந்தக் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கால் மணி நேரம் அக்காவோடு பேசுவாள்.

நேற்று அவள் பார்த்தபோது இரண்டு நிழல்களும் விலகி, நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தன.